வீதியோரம் நிற்கும் வண்டி – 9: சாவியை எடுத்த பிறகு

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை நாலே முக்கால். எழும்பூரில் அக்கா ரயிலை விட்டு இறங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆறு நாள் விட்டு விட்டுப் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்த ஆறு நாளும் எங்கள் கார் மேற்கு மாம்பலத்தில், வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவோரமாகவே நின்றது. கதவைத் திறந்தேன். உள்விளக்கு அணையப் போகிற தீக்குச்சி நிறத்தில் எரிந்தது. சாவியைத் திருகினேன். ‘டக் டக் டக்’ என்று சத்தம். மறுபடி திருகினேன். அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது.

எதிர் வீட்டுக் காவலாளி குடையோடு வந்தார். “பேட்டரி படுத்துடுச்சு தம்பி. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா நாம ரெண்டு பேரு பத்தாது, தெருமுனையில தண்ணி வேற நிக்குது. ஆட்டோ புடிச்சுப் போயிடுங்க. அக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார். ஆட்டோவில்தான் போனேன்.

காலை பத்து மணிக்கு எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். பானெட்டைத் திறந்து மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் மேல் வைத்தார். 10.9 வோல்ட் என்று காட்டியது. ஒன்றும் பேசாமல் காருக்குள் வந்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

“இது எங்கேருந்து சார் கரன்ட் எடுக்குது?”

“தெரியலைண்ணே. மாட்டிக் கொடுத்த கடையில, வண்டி நிக்கும்போதும் ஓடும்னு மட்டும் சொன்னாங்க.”

ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, டார்ச் அடித்து, ஒரு ஒயரை இழுத்துக் காட்டினார். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயர் ஒன்றின் மேலுறையைச் சீவி, அதன்மேல் கேமராவின் ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். நடுவில் ஃப்யூஸ் இல்லை. பேட்டரி இறங்கினால் கேமராவை நிறுத்தும் கருவியும் இல்லை.

“பேட்டரிக்கு முதல் வேலை செல்ஃப் அடிக்கிறது சார். அதுக்கு எடுத்து வச்சது போக மிச்சம் இருந்தாத்தான் மத்ததுக்கு. இங்க அந்த மிச்சத்தை அளக்கவே ஆள் இல்லை” என்றார் அண்ணன்.

இந்த வாரம் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது. சென்ற வாரம் டேஷ் கேமராவை எங்கே ஒட்டுவது, எந்தக் கோணத்தில் திருப்புவது என்று பார்த்தோம். ஓடும் வண்டியில் அதற்கு மின்சாரம் ஒரு பிரச்னையே இல்லை. இன்ஜின் சுழலும்வரை ஆல்டர்னேட்டர் கொடுத்துக்கொண்டே இருக்கும். சாவியை எடுத்த பிறகுதான் கேள்வி பிறக்கிறது. அந்தக் கண் இரவெல்லாம் விழித்திருக்க மின்சாரம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது, அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் நிறுத்துவது?

நிற்கும் வண்டிக்கு எதற்குக் காவல்?

வீட்டில் கார் நிறுத்த இடம் உள்ளவர்களுக்கு இது தேவையில்லாத வேலையாகத் தோன்றலாம். தெருவோரத்தில் நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும், ஓடும்போது படும் அடியைவிட நிற்கும்போது படும் அடிதான் அதிகம். குறுகிய தெருவில் திரும்பும் தண்ணீர் லாரி, சைடு மிரரை உரசிப்போகும் பைக், பின்னால் எடுக்கும்போது பம்பரைத் தொடும் இன்னொரு கார். காலையில் வந்து பார்த்தால் ஒரு கோடு மட்டும் இருக்கும். யார் என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். இன்சூரன்ஸில் பணம் கேட்கலாம். கேட்டால், 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ கைவிட்டுப் போகும். பலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொந்தக் காசில் பெயின்ட் அடிக்கிறார்கள்.

நிற்கும் காரின் காவலைப் பெரிய அளவில் பழக்கமாக்கிக்கொண்ட நாடு தென் கொரியா. அங்கே இந்தக் கேமராவை ‘பிளாக் பாக்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நெரிசலான நிறுத்துமிடங்கள்தான் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. நிறுத்தியிருக்கும் காரை இடித்துவிட்டுத் தன் தொடர்பு விவரத்தைத் தராமல் போவது அபராதத்துக்குரிய குற்றம் என்று 2017-ல் அங்கே போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. இடித்தவரைக் கண்டுபிடிக்கக் கேமரா பதிவு கைகொடுக்கிறது. குளிர்காலத்தில் பேட்டரி இறங்கிப்போய் உதவிக்கு ஆள் கூப்பிடும் அனுபவமும் அங்கே கேமராவோடு சேர்ந்தே வந்தது.

ஒரு சின்னக் கணக்கு

நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். தொடர்ந்து ஒரு ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி, 35 மணி நேரம் தாங்கும் என்று பொருள். முன்பக்கம் மட்டும் பார்க்கும் சாதாரண கேமரா, பதிவு செய்துகொண்டே இருந்தால், மூன்றரை வாட் அளவு எடுக்கும். 12 வோல்ட்டில் அது 0.3 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் ஒரு நொடி நேரம் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது; அதன் பக்கத்தில் வைத்தால் கேமரா எடுப்பது தூசு. ஆனால் கேமரா ஒரு நொடியோடு நிற்பதில்லை. 0.3-ஐ 24 மணி நேரத்தால் பெருக்குங்கள்: 7.2 ஆம்பியர்-ஹவர். இதோடு காரின் சொந்தச் செலவு ஒன்று உண்டு. ரிமோட் பூட்டு, அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டிகளின் நினைவு எல்லாம் சேர்ந்து 30 முதல் 50 மில்லி ஆம்பியர் எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கும். அது நாளுக்கு ஒரு ஆம்பியர்-ஹவர். ஆக மொத்தம் நாளொன்றுக்கு எட்டுக்கும் சற்று மேல்.

என் கார் நின்றது ஆறு நாள். ஆறெட்டு நாற்பத்தெட்டு. பேட்டரியில் இருந்ததோ, புதிதாக இருந்தபோதே முப்பத்தைந்துதான். அண்ணன் இந்தக் கணக்கை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டியபோது, நான் பேட்டரி கம்பெனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

முப்பத்தைந்தையும் செலவழிக்கலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பாதிக்கு மேல் தொடக் கூடாது. ஏன் என்பதற்குப் பேட்டரியின் உள்ளே போக வேண்டும்.

காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1859-ல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான் இன்றும், பல திருத்தங்களோடு, நம் பானெட்டுக்குள் இருக்கிறது. ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். மின்சாரம் வெளியே போகப் போக உள்ளே ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் ஏறும்போது அது மறுபடி கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்தால் அந்தப் படிவு இறுகிப் படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்தது குறைந்ததுதான்.

கார் பேட்டரி இதில் இன்னும் மென்மையானது. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவேண்டும் என்பதற்காக அதன் தகடுகளை மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாகச் செய்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியின் தகடு தடிமனாக இருக்கும்; மெதுவாக, ஆழமாக இறங்கி ஏறும் வேலைக்கு அது பழகியது. கார் பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரர். அவரை மூட்டை சுமக்கவிட்டால் சில தடவையிலேயே முழங்கால் போய்விடும். நாலைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பேட்டரி, நாலு வருஷம் உழைக்க வேண்டியது, அடிக்கடி அடிவரை இறங்கினால் இரண்டு வருஷத்தில் கையை விரித்துவிடும்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி வோல்ட்டை அளப்பது. வண்டியை அணைத்துச் சில மணி நேரம் சும்மா விட்டபின் அளந்தால், முழு சார்ஜில் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்பங்கு. 11.8-க்கு வந்தால் ஏறத்தாழ காலி. காகிதத்தில் 12.6-க்கும் 11.8-க்கும் இடையே ஏறத்தாழ முக்கால் வோல்ட் வித்தியாசம்தான். வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பது முழுக்க அந்த முக்கால் வோல்ட்டுக்குள் இருக்கிறது.

எங்கிருந்து எடுப்பது?

முதலில் கைக்கு எட்டுவது சிகரெட் லைட்டர் சாக்கெட். பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் இது உயிரிழந்துவிடும். கேமராவும் கண்ணை மூடும். சில கார்களில் எப்போதும் உயிரோடு இருக்கும். உங்கள் கார் எந்த ரகம் என்று அறிய, போன் சார்ஜரைச் செருகி, வண்டியை அணைத்துப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து எட்டிப் பாருங்கள். உயிரோடு இருந்தால் அது வசதி என்று எண்ணி கேமராவை அதிலேயே விட்டுவிடாதீர்கள். எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

இரண்டாவது, முறையான வழி: ‘ஹார்ட்வயர் கிட்’ எனப்படும் சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் காரின் 12 வோல்ட்டை வாங்கி, மறுபக்கம் கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும். கூடவே பேட்டரியின் வோல்ட்டைக் கண்காணித்துக்கொண்டே இருந்து, நாம் வைத்த எல்லைக்குக் கீழே இறங்கினால் கேமராவை அணைத்துவிடும். அண்ணன் சொன்ன ‘மிச்சத்தை அளக்கும் ஆள்’ இதுதான்.

அதிலிருந்து மூன்று ஒயர் வரும். வழக்கமாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஒயரில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டே தொட வேண்டும். மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃப்யூஸுக்குப் போக வேண்டும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸுக்கு. கறுப்பு எர்த். சிவப்பு ஒயர் கேமராவுக்குச் செய்தி சொல்லும் ஒயர். அதில் மின்சாரம் இருந்தால் வண்டி ஓடுகிறது என்று கேமரா புரிந்துகொள்ளும். மின்சாரம் போனதும் நிறுத்தக் காவலுக்கு மாறும். மஞ்சளையும் சிவப்பையும் ஒரே இடத்தில் கட்டிவிட்டால், வண்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதாகக் கேமரா நம்பும். நிறுத்தக் காவல் என்ற நிலைக்கே அது வராது.

அண்ணன் என் காரில் இதை மாட்டியதை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கிட்டையும் ஃப்யூஸ் டேப்பையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி வந்திருந்தேன். ஃப்யூஸ் டேப் என்பது, இருக்கிற ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகும் ஒரு கிளை. அதில் இரண்டு மாடி. கீழ்மாடியில் பழைய ஃப்யூஸ், மேல்மாடியில் கேமராவுக்கான 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ். எந்த ஒயரையும் வெட்ட வேண்டாம், சீவ வேண்டாம். நாளைக்கே வேண்டாம் என்றால் பிடுங்கிவிட்டுப் பழையபடி வைத்துவிடலாம். 

டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் முனையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சாவி இல்லாதபோதும் எரிந்தவற்றை ஒரு பக்கம் குறித்துக்கொண்டார். பிறகு கதவுகளைப் பூட்டிவிட்டு, “வாங்க சார், ஒரு டீ சாப்பிட்டு வரலாம்” என்றார். நேரம் கடத்துகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து மறுபடி தொட்டபோது, குறித்தவற்றில் ஒன்று அணைந்திருந்தது. வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் ஆனதும் காரின் கணினியே சில வழிகளை மூடிவிடும் என்று விளக்கினார். அதை நம்பி மஞ்சள் ஒயரைக் கொடுத்திருந்தால், கேமரா தினமும் கால்மணி நேரம் மட்டும் காவல் காத்துவிட்டுத் தூங்கியிருக்கும்.

அடுத்து, தேர்ந்தெடுத்த ஃப்யூஸை எடுத்துவிட்டு இரண்டு துவாரங்களிலும் லேம்ப்பை வைத்தார். ஒன்றில் மட்டும் எரிந்தது. டேப்பில் இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துவாரத்தில் உட்கார வேண்டும். மாற்றிச் செருகினாலும் கேமரா ஓடும். ஆனால் அதன் மின்சாரமும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும், அதன்மேல் இரட்டைச் சுமை. ஏர்பேக், பிரேக், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸ்கள் பக்கம் அவர் போகவே இல்லை. கறுப்பு ஒயரை, பெயின்ட் இல்லாத உலோகத்தில் நேரடியாக இறங்கும் ஒரு போல்ட்டின் கீழ் வைத்து இறுக்கினார். பெயின்ட் மேல் எர்த் கொடுத்தால் கேமரா நினைத்தபோது அணைந்து எரியும்.

கடைசியாக ஒயரை மேலே கொண்டுபோகும் இடம். முன்கண்ணாடியின் ஓரத்துத் தூணில், பிளாஸ்டிக் மூடிக்குள், சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒயர் அதன் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரிவதற்குத் தடையாகும், ஒயரும் முகத்தை நோக்கி வீசப்படும். “கேமரா வேலை செய்யலைன்னா நாளைக்கு சரி பண்ணிக்கலாம் சார். இதுல தப்பு பண்ணா நாளைக்குன்னு ஒண்ணு இல்ல” என்றார். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வழி, ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் செருகும் ஓ.பி.டி. துவாரம். அதன் 16-ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். அதில் செருகினால் போதும் என்கிற மாதிரி கேமரா கேபிள்கள் கிடைக்கின்றன. ஃப்யூஸ் பாக்ஸைத் தொட அஞ்சுகிறவர்களுக்கு வசதிதான். வோல்ட் எல்லை வைக்கும் வசதி அந்தக் கேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சில கார்களில் இந்தத் துவாரத்தில் ஏதாவது செருகியிருந்தால் காரின் கணினிகள் முழுதாக உறங்காமல் தாமும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, கேமராவுக்கென்றே தனி பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் வருகிறது. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறிக்கொண்டு, நின்றதும் கேமராவுக்குக் கொடுக்கும். காரின் பேட்டரியைத் தொடவே தொடாது. கேட்க மிக நல்ல தீர்வு. விலைதான் பல கேமராக்களின் விலையைத் தாண்டிவிடும். தினமும் நல்ல தூரம் ஓட்டி, பிறகு நீண்ட நேரம் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இது பொருந்தும். வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் காருக்கு, அந்தத் தனி பேட்டரி நிறையவும் நேரம் போதாது.

சிலர் போன் பவர் பேங்கை கேமராவோடு இணைத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அக்னி நட்சத்திர நாளில் வெளியே நாற்பது டிகிரி என்றால், வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் அறுபதைத் தாண்டும். டேஷ்போர்டின் மேற்பரப்பு அதைவிடச் சுடும். சாதாரண லித்தியம் அயன் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது; 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தவே கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. உப்பிப்போகும், சில நேரம் தீப்பிடிக்கும். இதே காரணத்தால், கேமரா வாங்கும்போதே உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல் சூப்பர் கெபாசிட்டர் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் தாங்கும்.

எல்லையை எங்கே போடுவது?

பெரும்பாலான கிட்களில் 11.8, 12.0, 12.2, 12.4 என்று நாலு எல்லைகள் இருக்கும். கேமரா நீண்ட நேரம் ஓடும் என்ற ஆசையில் 11.8-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள்: 11.8-ல் நிறுத்துவதும் நிறுத்தாமல் விடுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். சின்ன காருக்கும், இரண்டு வயது தாண்டிய பேட்டரிக்கும் 12.2 என் பரிந்துரை. 60 ஆம்பியர்-ஹவருக்கு மேற்பட்ட புது பேட்டரி உள்ள டீசல் காருக்கு மட்டும், பாதி என்ற விதியைச் சற்றுத் தளர்த்தி, 12.0 வைக்கலாம். இதோடு நேர எல்லையும் வைக்க முடிந்தால், 12 மணி நேரம் என்று அதையும் வையுங்கள்.

இழந்ததைத் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பதற்காகவே இவ்வளவு கண்டிப்பு. ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தாலும், பேட்டரி அதை நிதானமாகத்தான் வாங்கிக்கொள்ளும்; நிறைய நிறைய இன்னும் மெதுவாக வாங்கும். ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓட, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் இருபது நிமிஷ அலுவலகப் பயணம், ஓர் இரவுக் காவலின் செலவைக்கூட முழுதாக ஈடுகட்டாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போய், ஒரு நாள் காலையில் மொத்தமாகத் தெரியவரும். மாதம் ஒருமுறையாவது வீட்டிலோ கடையிலோ பேட்டரிக்கு முழு சார்ஜ் போடுவது, தெருவோரக் கார்களுக்கு நல்ல பழக்கம்.

செலவைக் குறைக்க கேமராவின் உள்ளேயும் வழி உண்டு. எந்நேரமும் பதிவு செய்வது ஒரு முறை. அசைவு தெரிந்தால் மட்டும் சேமிப்பது இன்னொன்று; ஆனால் அசைவைக் கவனிக்கவே கேமரா விழித்திருக்க வேண்டும் என்பதால் மின்சாரம் பெரிதாக மிச்சமாகாது, கார்டில் இடம்தான் மிச்சமாகும். மூன்றாவது, அதிர்ச்சி பட்டால் மட்டும் எழுந்து பதிவு செய்வது. இதில் செலவு மிக மிகக் குறைவு. பல நாள் தாங்கும். கண் திறக்க ஓரிரு நொடி ஆகும் என்பதால், இடித்த கணம் தவறிப்போய், விலகிப்போகும் வண்டியின் பின்புறம் மட்டும் கிடைக்கலாம். நம்பர் பிளேட் பின்னாலும் இருக்கிறது என்பது அப்போது ஆறுதல்.

கார்டையும் கணக்கில் எடுங்கள். முழு எச்.டி. பதிவு மணிக்கு ஏழு ஜி.பி. அளவு பிடிக்கும். 64 ஜி.பி. கார்டு ஒன்பது மணி நேரத்தில் நிறைந்து, பழையதன்மேல் புதியது எழுதப்படும். மாலை ஏழு மணிக்கு நிறுத்தி, எட்டு மணிக்கு யாரோ மெதுவாக உரசி, காலை ஏழு மணிக்கு நீங்கள் பார்த்தால், அந்த எட்டு மணி கார்டில் இருக்காது. அதிர்ச்சிப் பதிவுகளை அழியாமல் தனியே பூட்டி வைக்கும் வசதியை இயக்கி வைப்பதும், தொடர்ந்து எழுதப்படுவதைத் தாங்கும் ‘எண்டியூரன்ஸ்’ கார்டு வாங்குவதும் அவசியம்.

பதிவு சிக்கினால் அதை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். கார்டைக் கழற்றி அப்படியே பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்கும்போது அதனோடு சான்றிதழ் தர வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். மூலம் கெடாமல் இருந்தால்தான் அதெல்லாம் முடியும்.

இன்னொரு கடமையும் நமக்கு இருக்கிறது. கேமரா பார்ப்பது நம் காரை இடிக்க வருபவரை மட்டுமல்ல. எதிர் வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாரும் அதில் விழுகிறார்கள். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத் தீர்ப்பு ஒன்றில், கேமரா பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டு, காரணமில்லாமல் தொடர்ந்து பதிவு செய்துகொண்டே இருப்பது தனியுரிமைச் சட்டத்துக்கு ஒவ்வாது என்றும் சேர்த்துச் சொன்னது. நம் தெருவுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அதிர்ச்சி பட்டால் மட்டும் பதியும் முறை பேட்டரிக்கு நல்லது. பக்கத்து வீட்டாரோடு உள்ள உறவுக்கும் நல்லது.

நாள்கணக்கில் நிறுத்தும்போது

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசையாக நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். முன்கூட்டியே மேட்டில் ஏற்றினார்கள். அப்படி மூன்று நாளுக்கு மேல் காரைத் தொடாமல் விடப்போகிறீர்கள் என்றால், கிளம்பும்முன் கேமராவின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஊருக்குப் போகும்போதும் அப்படியே. மழை ஓய்ந்து திரும்பி வரும் நாளில், கேமராவில் பதிவு இருப்பதைவிட, சாவியைத் திருகினால் வண்டி கிளம்புவதுதான் குடும்பத்துக்குத் தேவை.

போன மாதம் அக்கா மறுபடி வந்தாள். வியாழன் மாலை நிறுத்திய காரை வெள்ளி முழுக்க எடுக்கவில்லை. கேமரா, நேர எல்லை இல்லாமல், எந்நேரமும் பதியும் நிலையில் இருந்தது. சோதித்துப் பார்க்கவே அப்படி விட்டிருந்தேன். சனிக்கிழமை விடிகாலை அதே நாலே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். உள்விளக்கு வெள்ளையாக எரிந்தது. கேமராவின் சிறு விளக்கு அணைந்திருந்தது. சாவியைத் திருகினேன், ஒரே சுற்றில் கிளம்பியது. எழும்பூரில் அக்காவுக்காகக் காத்திருந்த நேரத்தில் கார்டைப் பார்த்தேன். கடைசிப் பதிவு சனிக்கிழமை அதிகாலை 3.12. ஒரு தெருநாய் முன்சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போகிறது. அதோடு முடிந்தது. 12.2-ஐத் தொட்டதும் கிட் தன் வேலையைச் செய்திருக்கிறது.

3.12-க்குப் பிறகு எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்துத்தான் ரயிலடிக்கு நேரத்தில் வந்து சேர்ந்தேன்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்